கனநீரில் விதை முளைக்காதென்றால், ஐசோடோப்புகளின் வேதிப்பண்பு ஒன்றா, வேறா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஒரு தனிமத்தின் ஐசோடோப்புகள், அதாவது புரோட்டான் எண்ணிக்கை ஒன்றாகவும் நியூட்ரான் எண்ணிக்கை வேறாகவும் உள்ள அணுக்கள், வேதிப்பண்புகளில் ஒத்தவை, இயற்பியல் பண்புகளில் வேறுபட்டவை என்று பாடப்புத்தகம் சொல்கிறது. தேர்வில் அப்படி எழுதினால்தான் மதிப்பெண். ஆனால் சுத்தமான கனநீரில் (ஹைட்ரஜனுக்குப் பதில், ஒரு நியூட்ரான் கூடிய அதன் ஐசோடோப்பான டியூட்டீரியம் உள்ள தண்ணீர்) விதை முளைக்காது, கனநீரையே குடிக்க வைத்தால் எலி செத்துவிடும் என்றும் படித்திருக்கிறீர்கள். வேதிப்பண்பு ஒன்றென்றால் இது எப்படி நடக்கும்? கூடவே, கனநீரை ஒரு வாய் குடித்தால் ஆபத்தா, 'டியூட்டீரியம் குறைத்த தண்ணீர்' என்று விலை வைத்து விற்கிறார்களே, அதில் ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். வேதிப்பண்பு என்று நாம் எதைச் சொல்கிறோம்? எந்த வினை நடக்கும் என்பதையா, அது எவ்வளவு வேகமாக, எவ்வளவு தூரம் நடக்கும் என்பதையுமா? புத்தக வாக்கியம் முதலாவதை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்டது. உங்கள் விதையும் எலியும் இரண்டாவதைச் சேர்ந்தவை.

நான் கரிம வேதியியல் படித்தவன். இருபது வருடத்துக்கும் மேலாக ஆய்வகத்தில் டியூட்டீரியம் கலந்த கரைப்பான்களோடும், எடையை வைத்து ஐசோடோப்புகளைப் பிரித்துக் காட்டும் நிறைமாலைக் கருவியோடும்தான் என் பொழுது போயிருக்கிறது. அதனால் ஹைட்ரஜன், கார்பன் இரண்டையும் பற்றிக் கைப்பட்ட அனுபவத்தில் சொல்கிறேன். யுரேனியம், ஹீலியம் பற்றிச் சொல்வது படிப்பில் வந்தது. மருத்துவம் என் துறை இல்லை. கடைசிக் கேள்விக்கு வரும்போது அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், புத்தக வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1911 வாக்கில் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் ஹெவெஷி என்ற இளம் ஹங்கேரிய வேதியியலாளருக்கு ஒரு வேலை தரப்பட்டது. 'ரேடியம் டி' என்ற கதிரியக்கப் பொருள் ஈயத்தோடு கலந்து கிடக்கிறது, பிரித்துக் கொடு என்பது அந்த வேலை. அவருக்குத் தெரிந்த வேதியியல் முறை எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததற்குக் காரணம், ரேடியம் டி என்பதே ஈயம்தான். இன்று நாம் ஈயம்-210 என்று சொல்லும் ஐசோடோப்பு. பிரிக்கவே முடியாது என்றால், சாதாரண ஈயம் எங்கெங்கே போகிறது என்று கண்டுபிடிக்க இதைக் கலந்துவிட்டுக் கதிர்வீச்சைத் தொடர்ந்து போகலாமே என்று அவருக்குத் தோன்றியது. இன்று மருத்துவமனைகளில் செய்யும் தைராய்டு ஸ்கேன் வரை வந்து நிற்பது அந்த யோசனைதான். 1943-க்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்கு அதற்காகவே கிடைத்தது. 1913-ல் ஆங்கிலேய வேதியியலாளர் சாடி இப்படிப் பிரிக்க முடியாத வகைகளுக்கு ஐசோடோப்பு என்று பெயர் வைத்தார். அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். தனிம அட்டவணையில் ஒரே இடம் என்று பொருள். 'ஓரிடத்தான்' என்ற நம் சொல் அதை அப்படியே பிடித்திருக்கிறது. அந்தச் சொல் புழக்கத்தில் தேய்ந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆகவே உறுதியான செய்தி ஒன்று: எந்தச் சேர்மம் உண்டாகும், அதன் வாய்பாடு என்ன, எந்த அமிலத்தில் கரையும், எந்த உப்பாக வீழ்படியும் என்பதை எலக்ட்ரான்கள் தீர்மானிக்கின்றன. எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை அணுக்கருவின் புரோட்டான்கள் தீர்மானிக்கின்றன. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. அது கூடினாலும் குறைந்தாலும் எலக்ட்ரான்களின் ஏற்பாடு ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 13.598 எலக்ட்ரான் வோல்ட் தேவை, டியூட்டீரியத்துக்கு 13.602. நிறை இரண்டு மடங்கானபோதும் இவ்வளவு சிறிய மாற்றம்தான். ஆனால் இந்தச் சிறு மாற்றத்தைப் பிடித்துத்தான் அமெரிக்க வேதியியலாளர் யூரி 1931-ல் டியூட்டீரியத்தையே கண்டுபிடித்தார். ஹைட்ரஜனின் 656.28 நானோமீட்டர் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில், 656.10-ல், டியூட்டீரியத்தின் மங்கலான கோடு இருக்கிறது.

எலக்ட்ரான்கள்தான் அணுவின் பருமனையும் தீர்மானிக்கின்றன என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று இலங்கையிலிருந்து வருகிறது. தோரியம் சிதைந்து கடைசியில் ஈயம்-208 ஆகிறது. அப்படியானால் தோரியம் நிறைந்த கனிமத்திலிருந்து எடுக்கும் ஈயம், சாதாரண ஈயத்தைவிடக் கனமாக இருக்க வேண்டும். இலங்கையில் கிடைத்த தோரைட் கனிமத்திலிருந்து சாடி ஈயத்தைப் பிரித்து, 1915-ல் அதன் அடர்த்தியை அளந்தார். சாதாரண ஈயத்தைவிட 0.26 சதவீதம் கூடுதல். அணு நிறையும் அதே விகிதத்தில்தான் கூடியிருந்தது. அதாவது அணு ஒவ்வொன்றும் எடை கூடியிருக்கிறது, ஆனால் அடைத்துக்கொள்ளும் இடம் மாறவில்லை. ஒரே அளவுள்ள மரக்காலில் கொஞ்சம் கனமான தானியத்தை நிரப்பியதுபோல. புத்தகம் சொல்லும் 'இயற்பியல் பண்பு வேறு' என்பதன் மிகச் சுத்தமான வடிவம் இது.

சரி, இப்போது சிக்கலுக்கு வருவோம். எலக்ட்ரான் ஏற்பாடு ஒன்றென்றால் வினை வேகம் ஏன் மாறுகிறது? ஒரு பிணைப்பைக் கிணறாக நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்றின் ஆழம், சுவரின் சரிவு, கரையின் உயரம் எல்லாவற்றையும் கட்டுவது எலக்ட்ரான்கள். எனவே கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புக்கும் கார்பன்-டியூட்டீரியம் பிணைப்புக்கும் கிணறு ஒன்றேதான். ஆனால் உள்ளே இருக்கும் அணு கிணற்றின் தரையில் ஒருபோதும் உட்கார முடியாது. குவாண்டம் விதிப்படி, வெப்பநிலை எவ்வளவு இறங்கினாலும் அது கொஞ்சம் அதிர்ந்துகொண்டே இருக்கும். அதாவது தரைக்கு மேலே ஒரு படியில் நிற்கும். லேசான அணு வேகமாக அதிரும், மேல்படியில் நிற்கும். கனமான அணு மெதுவாக அதிரும், கீழ்ப்படியில் நிற்கும். பிணைப்பு உடைவது என்பது கரையேறி வெளியே வருவது. கீழ்ப்படியில் நிற்பவர் அதிக உயரம் ஏற வேண்டும், அவ்வளவுதான். கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பில் இந்தப் படி வித்தியாசம் ஒரு மோலுக்கு ஏறக்குறைய 4.8 கிலோஜூல். பிணைப்பின் மொத்த வலிமை 400 கிலோஜூலுக்கு மேல். அதோடு ஒப்பிட்டால் இது அற்பம். ஆனால் வினை வேகம் இந்த உயரத்தை அடுக்குக் கணக்கில் பார்க்கிறது. அறை வெப்பநிலையில் அந்த 4.8 கிலோஜூல், வேகத்தை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகக் குறைக்கப் போதும்.

இதைக் கண்ணால் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் குரோமிக் அமிலத்தால் ஆக்சிஜனேற்றம் செய்யும் பரிசோதனை அது. ஆரஞ்சு நிறம் மெல்ல மெல்லப் பச்சையாகும். 1949-ல் வெஸ்ட்ஹைமர் என்ற அமெரிக்க வேதியியலாளர் செய்து காட்டியதை எங்கள் ஆசிரியர் எங்களைத் திரும்பச் செய்யச் சொன்னார். ஒரு குழாயில் சாதாரண ஆல்கஹால், இன்னொன்றில் அதே ஆல்கஹால். ஆனால் ஆக்சிஜன் ஒட்டியிருக்கும் அந்த நடுக் கார்பனில் உள்ள ஒரே ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம். முதல் குழாய் பச்சையான பிறகும் இரண்டாவது ஆரஞ்சாகவே நின்றது. நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் முழுதாக மாறவில்லை. கடைசியில் அதுவும் பச்சையானது, அதே அசிட்டோன்தான் கிடைத்தது. விளைபொருள் ஒன்று, வேகம் ஆறேழு மடங்கு வித்தியாசம். ஓரத்தில் இருக்கும் மெத்தில் தொகுதிகளில் டியூட்டீரியம் போட்டால் வேகம் சிறிதே மாறும், ஏனென்றால் அந்தப் பிணைப்புகள் இந்த வினையில் உடைவதில்லை. ஆக, எந்தப் பிணைப்பு எந்தக் கட்டத்தில் உடைகிறது என்று கண்டுபிடிக்க வேதியியலாளர்கள் டியூட்டீரியத்தை ஒரு துப்பறியும் கருவியாகவே வைத்திருக்கிறார்கள். ஐசோடோப்புகளின் வேதிப்பண்பு முற்றிலும் ஒன்றாக இருந்தால் இந்தக் கருவிக்கு வேலையே இல்லை.

ஏழு என்பது பெரும்பாலும் உச்சம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். அது வெறும் படிக் கணக்கு. கரையேறாமல் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் ஒரு வழியும் குவாண்டம் விதியில் உண்டு, அது லேசான அணுவுக்குத்தான் எளிது. சோயாவில் உள்ள லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதியில் வித்தியாசம் 80 மடங்கு அளவுக்குப் போகிறது, இப்படித் துளைப்பது நடப்பதால். நொதிகள் இந்தத் துளைத்தலுக்காகவே தங்கள் அமைப்பைச் செதுக்கிக்கொண்டனவா, அல்லது அது தானாக வந்த துணைவிளைவா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. எண்ணிக்கை உறுதி, விளக்கத்தின் நுணுக்கம் விவாதத்தில் இருக்கிறது.

இந்த வித்தியாசம் ஹைட்ரஜனில் மட்டும் இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் எளிது. ஒன்று இரண்டாகிறது. வேறு எந்தத் தனிமத்தின் இயற்கை ஐசோடோப்புகளிலும் நிறை இரண்டு மடங்காவதில்லை. லித்தியத்தில் 6-லிருந்து 7, கார்பனில் 12-லிருந்து 13, யுரேனியத்தில் 235-லிருந்து 238. படி வித்தியாசம் இதற்கேற்பச் சுருங்கிக்கொண்டே போகும். கார்பனில் வேக வித்தியாசம் பொதுவாகச் சில சதவீதம். ஆய்வகக் குழாயில் அதைக் கண்ணால் பார்க்க முடியாது, புத்தக வாக்கியம் அங்கே ஏறக்குறைய உண்மை. ஆனால் அந்தச் சில சதவீதத்தைச் செடிகள் எழுதி வைத்துவிடுகின்றன. நெல், கோதுமை, பெரும்பாலான மரங்கள், பூச்செடிகள் எல்லாம் ரூபிஸ்கோ என்ற நொதியால் காற்றின் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கின்றன. அந்த நொதிக்குக் கார்பன்-12 கொஞ்சம் வசதி. கார்பன்-13-ஐ ஏறக்குறைய 3 சதவீதம் மெதுவாகத்தான் எடுக்கும். கரும்பு, மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு எல்லாம் முதலில் வேறொரு நொதியைப் பயன்படுத்துகின்றன, அதற்கு இந்தப் பாகுபாடு குறைவு. விளைவு, கரும்புச் சர்க்கரையில் கார்பன்-13 கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஆயிரத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்று அளவில். தேனீ எடுக்கும் பூக்கள் பெரும்பாலும் முதல் வகை. ஆகவே தேனில் கரும்புப் பாகைக் கலந்தால் நிறைமாலைக் கருவி காட்டிக்கொடுத்துவிடும். ருசியில், நிறத்தில், பாகுநிலையில் எதுவும் தெரியாது. ஆனால் அரிசியிலிருந்து எடுத்த பாகைக் கலந்தால் இந்தச் சோதனை ஏமாந்துவிடும், ஏனென்றால் நெல்லும் முதல் வகைதான். கலப்படக்காரர்கள் அதைத் தெரிந்துகொண்டுதான் அரிசிப் பாகுக்கு மாறினார்கள். அதற்கு வேறு சோதனைகள் சேர்க்க வேண்டியிருக்கிறது. இதே காரணத்தால், கம்பும் கேழ்வரகும் முக்கிய உணவாக உள்ள ஒருவரின் தலைமுடியில் கார்பன்-13, அரிசிச் சோறே சாப்பிடுபவரைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஒரு முடியில் இவ்வளவு எழுதியிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

வேகம் மட்டுமல்ல, சமநிலையும் மாறும். இரண்டு சேர்மங்கள் டியூட்டீரியத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தால், அது எங்கே கீழ்ப்படி ஆழமாகக் கிடைக்கிறதோ அங்கே அதிகம் சேரும். கனநீர் ஆலைகள் முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் மேல் நிற்கின்றன. தண்ணீரையும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவையும் சேர்த்தால் டியூட்டீரியம் தண்ணீரை விரும்பும். 30 டிகிரி செல்சியஸ் அளவில் சமநிலை மாறிலி (டியூட்டீரியம் தண்ணீர்ப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று காட்டும் எண்) ஏறக்குறைய 2.3, 130 டிகிரியில் 1.8. குளிர்ந்த கோபுரத்தில் தண்ணீருக்குள் ஏற்றி, சூடான கோபுரத்தில் வாயுவுக்குத் தள்ளி, மறுபடி மறுபடிச் செய்து செறிவைக் கூட்டுகிறார்கள். ராஜஸ்தானின் கோட்டாவிலும் தெலங்கானாவின் மணுகூருவிலும் உள்ள ஆலைகள் இந்த வழியில் வேலை செய்பவை. நம் தூத்துக்குடியில் உர ஆலையை ஒட்டிக் கட்டிய ஆலை, அம்மோனியாவுக்கும் ஹைட்ரஜன் வாயுவுக்கும் இடையே டியூட்டீரியம் இடம் மாறுவதைப் பயன்படுத்தியது. ஐசோடோப்புகள் வேதியியலில் அச்சு அசலாக ஒன்று என்றால் அந்த மாறிலி எல்லா வெப்பநிலையிலும் கணக்குப்படி 1 என்றே நிற்கும், கோபுரங்களில் ஒரு சொட்டுக் கனநீர்கூடச் சேராது. தேர்வுக்கு என்ன எழுதுவது என்று கேட்டால், புத்தக வாக்கியத்தையே எழுதுங்கள். இடம் இருந்தால் 'வினைவேகத்திலும் சமநிலையிலும் சிறு வேறுபாடு உண்டு, ஹைட்ரஜனில் அது கணிசமானது' என்று ஒரு வரி சேருங்கள். எந்த நல்ல ஆசிரியரும் அதற்காக மதிப்பெண் குறைக்க மாட்டார்.

இயற்பியல் பண்புகளுக்கு வந்தால், தண்ணீரை வைத்தே நிறையச் சொல்லலாம். கனநீர் 3.8 டிகிரியில் உறையும், 101.4 டிகிரியில் கொதிக்கும். தண்ணீர் 4 டிகிரியில் மிக அடர்த்தியாக இருக்கும், கனநீர் 11.2 டிகிரியில். ஒரே அளவுள்ள தண்ணீரைவிடச் சுமார் பத்தேமுக்கால் சதவீதம் எடை கூடுதல். அதனால் கனநீரில் செய்த பனிக்கட்டியைச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். ஒரு முறை சின்னக் குழாயில் உறையவைத்து நானே போட்டுப் பார்த்திருக்கிறேன். கண் பழகிய ஒன்று தலைகீழாக நடக்கும்போது மனம் ஒரு கணம் நின்றுவிடுகிறது. நிறமும் வேறு. ஆழமான தண்ணீருக்கு உள்ள மெல்லிய நீலம், ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பின் அதிர்வு சிவப்பு ஒளியைக் கொஞ்சம் விழுங்குவதால் வருவது. கனநீரில் அந்த அதிர்வு மெதுவானது, விழுங்கும் இடம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு நகர்ந்துவிடுகிறது. அதனால் கனநீருக்கு அந்த நீலம் இல்லை. கவனியுங்கள், வினையை மெதுவாக்கிய அதே அதிர்வுதான் நிறத்தையும் மாற்றுகிறது. வேதிப்பண்பு ஒரு பக்கம், இயற்பியல் பண்பு ஒரு பக்கம் என்று நடுவில் வரப்பு போட்டுப் படிப்பதில் எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுதான் காரணம்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். கனமான ஐசோடோப்பு என்றால் கொதிநிலை கூடும் என்பது விதி இல்லை. பென்சீன் 80.1 டிகிரியில் கொதிக்கும். அதன் ஆறு ஹைட்ரஜனையும் டியூட்டீரியமாக மாற்றினால் 79.1 டிகிரி. எடை கூடியும் சீக்கிரம் கொதிக்கிறது. தண்ணீரில் மூலக்கூறுகளை இழுத்துப் பிடிப்பது ஹைட்ரஜன் பிணைப்பு, டியூட்டீரியம் வந்தால் அந்தப் பிடி இறுகுகிறது. பென்சீனில் அந்தப் பிடியே இல்லை; அங்கே மூலக்கூறுகளை ஒட்டவைப்பது எலக்ட்ரான் மேகங்களின் மெல்லிய ஈர்ப்பு. கார்பன்-டியூட்டீரியம் பிணைப்பு கொஞ்சம் குறைவாக அசைவதால் அந்த ஈர்ப்பு ஒரு துளி குறைகிறது. மூலக்கூறைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய இயற்பியல் வித்தியாசம் ஹீலியத்தில் இருக்கிறது. வினையே புரியாத வாயு என்பதால் வேதியியலில் இரண்டுக்கும் ஒப்பிட ஒன்றுமில்லை. ஆனால் ஹீலியம்-4 திரவம் 2.17 கெல்வினில் உராய்வே இல்லாமல் ஓடும் மீப்பாய்மமாக மாறுகிறது. ஹீலியம்-3 அப்படி மாற ஒரு கெல்வினில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு அளவுக்குக் குளிர வேண்டும். அதை 1972-ல்தான் கண்டார்கள். இதற்கு எடை காரணமில்லை. ஒரு நியூட்ரான் குறைந்ததால் துகள்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகி, அணு கூட்டமாக ஒரே நிலையில் சேர முடியாத வகையைச் சேர்ந்துவிடுகிறது. இரண்டிரண்டாகக் கைகோத்த பிறகே அதனால் மீப்பாய்மமாக முடியும்.

அப்புறம், எடையும் அதிர்வும் தொடாத ஒரு பகுதி இருக்கிறது, அது அணுக்கருவின் சொந்தப் பண்பு. இங்கே ஐசோடோப்புகளுக்குள் உறவே இல்லை என்று சொல்லிவிடலாம். கார்பன்-12 என்றென்றும் நிற்கும், கார்பன்-14-க்கு அரை ஆயுள் 5,730 வருடம். ஆனால் சிதையும் நொடி வரை கார்பன்-14 கார்பனாகவே நடந்துகொள்ளும். இலைக்குள் போகும், அரிசியாகும், எலும்பாகும். சிதைந்த மறுகணம் அது நைட்ரஜன், பழைய வேதியியல் முடிந்தது. யுரேனியம்-235 மெதுவான நியூட்ரான் பட்டாலே பிளக்கும், 238 அப்படிப் பிளக்காது. இயற்கை யுரேனியத்தில் முன்னது 0.72 சதவீதம்தான். இரண்டையும் பிரிக்க யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவாக்கினால் மூலக்கூறு நிறைகள் 349, 352. நுண்துளை வழியே பரவும் வேகத்தில் வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் குறைவு. பிரிப்பதற்கு அத்தனை ஆயிரம் அடுக்கு தேவைப்படுவதற்கு இதுதான் காரணம். ஃபுளோரினுக்கு இயற்கையில் ஒரே ஐசோடோப்புதான் இருப்பது இங்கே பெரிய உதவி. இல்லையென்றால் எடை வித்தியாசம் யாரால் வந்தது என்றே தெரியாமல் குழம்பியிருக்கும். கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலைய உலைகள் நியூட்ரானை மெதுவாக்கக் கனநீரைப் பயன்படுத்துவதும் அணுக்கருப் பண்புக்காகவே. சாதாரண ஹைட்ரஜன் நியூட்ரானை விழுங்கிவிடும், டியூட்டீரியம் விழுங்குவது அதில் சில நூறில் ஒரு பங்குதான். அதனால் செறிவூட்டாத இயற்கை யுரேனியத்தைக் கொண்டே உலை ஓடுகிறது. என் தினப்படி வேலையும் இந்தப் பகுதியைச் சேர்ந்தது. மூலக்கூறின் அமைப்பை அறிய உதவும் என்.எம்.ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவிக்குக் கார்பன்-12 தெரியவே தெரியாது, நூற்றுக்கு ஒன்றாக இருக்கும் கார்பன்-13 மட்டும்தான் தெரியும், அதன் அணுக்கருவுக்குத் தற்சுழற்சி இருப்பதால்.

தற்சுழற்சி என்றதும் சந்தேகத்தில் இருக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். செனான் வாயு மயக்க மருந்தாகவும் பயன்படுவது. தற்சுழற்சி உள்ள செனான் ஐசோடோப்புகள் எலிகளை மயக்குவதில் கொஞ்சம் வலுக் குறைந்தவை என்று 2018-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எடை வித்தியாசம் இதை விளக்காது. உண்மையானால் உயிரியலில் மிகப் பெரிய செய்தி. ஆனால் ஓர் ஆய்வை வைத்துப் புதிய விதி எழுத முடியாது. பலர் பல இடங்களில் செய்து அதே முடிவு வரும்வரை நான் இதைக் 'கவனிக்க வேண்டியது' என்ற அலமாரியில்தான் வைப்பேன்.

இனி உங்கள் விதை. 1933-ல் அமெரிக்க வேதியியலாளர் லூயிஸ் ஏறக்குறைய சுத்தமான கனநீரைத் தயாரித்ததும் செய்த முதல் சோதனைகளில் ஒன்று, அதில் புகையிலை விதையைப் போட்டது. முளைக்கவில்லை. கனநீர் விஷமில்லை, கதிரியக்கமும் அதற்கு இல்லை. ஆனால் உயிருள்ள செல்லுக்குள் ஆயிரக்கணக்கான வினைகள் ஒன்றுக்கொன்று தாளம் தவறாமல் ஓடுகின்றன, அவற்றில் பலவற்றில் ஒரு ஹைட்ரஜன் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது. கனநீரில் அவற்றில் பெரும்பாலானவை மெதுவாகும். ஆனால் எல்லாம் ஒரே அளவில் மெதுவாகாது. ஒன்று பாதியாகும், ஒன்று ஐந்தில் ஒன்றாகும், ஒன்று மாறாது. எல்லாம் ஒரே விகிதத்தில் குறைந்தால் செடி மெதுவாக வளரும், அவ்வளவுதான். தாளம் கலைவதுதான் பிரச்சினை. கூடவே ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுகுவதால், செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நூல்கள் கட்டிப்பட்டுப் போகின்றன. அதனால்தான் பாலூட்டிகளில் உடல் நீரில் நான்கில் ஒரு பங்கு கனநீரானால் இனப்பெருக்கம் நிற்கிறது, பாதியை நெருங்கினால் சாகின்றன. ஆனால் சில பாசிகளையும் பாக்டீரியாக்களையும் மெல்ல மெல்லப் பழக்கினால் முழுக் கனநீரிலேயே வளர்கின்றன. அவற்றின் புரதங்களில் ஹைட்ரஜன் எல்லாமே டியூட்டீரியம். இதைவிட நல்ல விடை உங்கள் கேள்விக்குக் கிடையாது: டியூட்டீரியத்தாலும் உயிர் கட்ட முடியும், அதாவது வேதியியல் ஒன்றுதான், ஆனால் ஹைட்ரஜனுக்கென்று அமைந்த கடிகாரத்தில் அதைத் திடீரென்று மாட்டினால் ஓடாது. இந்தக் குணத்தை மருந்தாகவும் பயன்படுத்திவிட்டார்கள். டெட்ராபெனசின் என்ற மருந்தில் கல்லீரல் அறுத்துவிடும் இடங்களில் டியூட்டீரியத்தை வைத்து, உடலில் அதிக நேரம் நிற்கும்படி செய்த மருந்துக்கு 2017-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஹண்டிங்டன் நோயில் வரும் கட்டுப்படாத அசைவுகளுக்கானது அது.

ஒரு வாய் குடித்தால்? ஒன்றும் ஆகாது. 25 சதவீதத்தை எட்ட, வயது வந்த ஒருவரின் உடலில் இருக்கும் ஏறக்குறைய நாற்பது லிட்டர் தண்ணீரில் பத்து லிட்டரை மாற்ற வேண்டும். அதற்குள் சிறுநீராக வெளியேறிக்கொண்டும் இருக்கும். மேலே சொன்ன ஹெவெஷியே 1934-ல் ஹோஃபர் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து, நீர்த்த கனநீரை மனித உடலில் செலுத்தி, உள்ளே போன தண்ணீரில் பாதி வெளியேற ஏறக்குறைய ஒன்பது நாள் ஆகிறது என்று கணக்கிட்டார். உடல் செலவிடும் ஆற்றலை அளக்க, டியூட்டீரியமும் ஆக்சிஜன்-18-ம் கலந்த தண்ணீரை இன்றும் குழந்தைகள் உட்படப் பலருக்குக் கொடுக்கிறார்கள். ருசி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ருசியில் வித்தியாசமே இல்லை என்று யூரி 1935-ல் எழுதினார். 2021-ல் வந்த ஓர் ஆய்வு, சுத்தமான கனநீர் மனித நாக்குக்கு லேசாக இனிக்கிறது, இனிப்பை உணரும் ஏற்பியே அதையும் உணர்கிறது என்று காட்டியது. ஆய்வகத்தில் இருப்பதை யாரும் வாயில் வைக்க வேண்டாம், அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

டியூட்டீரியம் குறைத்த தண்ணீர் விஷயத்தில் என் அக்கறை வேறு. சாதாரணத் தண்ணீரில் ஏறக்குறைய 6,400 ஹைட்ரஜனுக்கு ஒன்று டியூட்டீரியம். ஒரு லிட்டரில் இருக்கும் டியூட்டீரியம் 0.035 கிராம். அதைப் பாதியாகக் குறைத்துக் குடித்தாலும், நீங்கள் சாப்பிடும் சோறும் குழம்பும் பழமும் சாதாரண டியூட்டீரியத்தோடுதான் உள்ளே போகும். உடல் அளவு கொஞ்சம் இறங்கும், அவ்வளவே. செல் சோதனைகளிலும் எலிகளிலும் சில விளைவுகள் பார்த்ததாகக் கட்டுரைகள் இருக்கின்றன, அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் புற்றுநோயைக் குணமாக்கும் என்று சொல்லும் அளவுக்கு மனிதரில் செய்த பெரிய, கட்டுப்பாடுள்ள சோதனைகள் இல்லை. ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் ஒரு பாட்டிலை, நோயில் தவிக்கும் குடும்பத்திடம் அந்த வார்த்தையைச் சொல்லி விற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது அதை வாங்கலாமா என்பதுதான் கேள்விக்குப் பின்னால் இருக்கிறது என்றால், வாங்குவதற்கு முன் சிகிச்சை பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள். எக்காரணத்துக்கும் நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை அதற்காக நிறுத்தாதீர்கள்.